இணைப்பு எங்கே அறுகிறது என்று தேடியபோது

முற்றிலும் நின்றுபோன இணைய இணைப்பைச் சரிசெய்வது அவ்வளவு கடினமான காரியமன்று. கெட்டது கெட்டபடியே கண்முன் இருப்பதால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆளை அலைக்கழிப்பது, சிறிது நேரம் போய்விட்டு, யாரும் கை வைக்காமலேயே திரும்பி வந்துவிடுகிற இணைப்புதான். அறுந்த நேரத்தில் நாம் எதையாவது செய்து பார்ப்போம். செய்து முடிப்பதற்குள் இணைப்பு வந்துவிடும். நாம் செய்ததால்தான் வந்தது என்று மனம் உடனே நம்பிவிடும். என் மேசைக் கணினி பல வாரங்கள் இந்தப் பாடு படுத்தியது. விண்டோஸ் 11 இயங்கும் அந்தக் கணினியில் உள்ளமைந்த வைஃபை கிடையாது; பின்புறத்து யூஎஸ்பி துளையில் செருகிய சிறிய அடாப்டர் வழியாகத்தான் அது ரவுட்டருடன் இணையும். காணொளிக் கூட்டத்தின் நடுவில் என் படம் உறைந்து நிற்கும். கோப்பு பாதி ஏறியிருக்கும்போது நின்றுபோகும். ஒரு நிமிடத்திலோ கால் மணி நேரத்திலோ எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனைகள் எனக்கும் கிடைத்தன. ரவுட்டரை அணைத்துப் போடு, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்று, நெட்வொர்க் ரீசெட் கொடு, அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு, அதிலும் தீராவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடு. இவற்றில் எதுவும் தவறான ஆலோசனை என்று சொல்லமாட்டேன்; ஆனால் குறை இருக்கும் இடம் தெரியாமல் செய்யும்போது இவை எல்லாமே குருட்டு வைத்தியம். ரவுட்டரை அணைத்துப் போடுவதைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கருத்து உண்டு: அது தடயத்தை அழித்துவிடும். அணைத்த கணமே பல ரவுட்டர்களில் பதிவுக் குறிப்புகள் போய்விடுகின்றன. எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற கணக்கும் சிலவற்றில் கலைந்துவிடுகிறது. மறுபடி எழும்போது, அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் நெரிசலானதை விட்டு வேறொன்றுக்கு அது மாறியும் இருக்கலாம். அதன் பிறகு இணைப்பு இரண்டு நாள் நன்றாக ஓடினால் இவற்றில் எது உதவியது என்று சொல்ல வழியே இல்லை. நெட்வொர்க் ரீசெட்டோ இன்னும் கடுமையானது. அடாப்டர்களை நீக்கி மறுபடி நிறுவுவதால் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் போகலாம், விபிஎன் மென்பொருளை மீண்டும் அமைக்க நேரலாம். கடைசியில் கை வைக்க வேண்டியதை முதலிலேயே செய்வதில் பொருளில்லை.

ஆகவே எதையும் மாற்றாமல், எங்கே அறுகிறது, எப்போது அறுகிறது என்ற இரண்டை மட்டும் முதலில் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

‘எங்கே’ என்பதன் முதல் பாதி எளிது: இந்தக் கணினிக்கு மட்டும் போகிறதா, அதே வைஃபையில் உள்ள எல்லாவற்றுக்கும் போகிறதா? இதைப் பார்க்கப் பலரும் கைபேசியை எடுத்து ஒரு பக்கத்தைத் திறப்பார்கள். திறந்துகொண்டதும் “கைபேசியில் வருகிறது, கணினியில்தான் கோளாறு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டால் கைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. அப்படிப் பார்த்தபோது என் கணினி தவித்த நேரங்களில் கைபேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கும் எண்ணத்தை அத்துடன் ஒதுக்கி வைத்தேன்.

அடுத்தது பிங்: ஒரு முகவரிக்குச் சிறு கேள்வி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. கணினியில் கமாண்ட் பிராம்ட் எனப்படும் கட்டளைத் திரையைத் திறந்து, முதலில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால், கணினியின் ஐபி முகவரியும் அதற்குக் கீழே டிஃபால்ட் கேட்வே என்ற பெயரில் ரவுட்டரின் முகவரியும் தெரியும். வீட்டு ரவுட்டர்களில் அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், மேற்கொண்டு தேட வேண்டியதில்லை: முகவரி கேட்டுக் கிடைக்காததால் கணினி தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையிலான டிஎச்சிபி பேச்சுவார்த்தையை, அதாவது முகவரி கேட்டுப் பெறும் முறையைத்தான். டிஎன்எஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது. என் கணினி ஒழுங்கான முகவரியோடுதான் இருந்தது. எனவே இரண்டு கட்டளைத் திரைகளைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரையும் மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியையும் நிறுத்தாமல் பிங் செய்ய வைத்தேன். விண்டோஸில் பிங் வழக்கமாக நான்கு முறையோடு நின்றுவிடும். சிறு கோடும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை ஓடும்.

இந்த இரண்டு திரைகளும் சேர்ந்து சொல்வதைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். ரவுட்டர் பதில் தந்துகொண்டிருக்க வெளி முகவரி மட்டும் நின்றால், குறை ரவுட்டருக்கு அப்பால், அல்லது ரவுட்டரிலேயே. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால், குறை கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில். இரண்டும் பதில் தந்துகொண்டிருக்கும்போதே பக்கங்கள் திறக்கவில்லை என்றால், டிஎன்எஸ், பிரவுசர், விபிஎன், ஆன்டிவைரஸ் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

திரையில் விழும் வாசகங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றால் கேள்வி போயிற்று, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்து, அதைச் சொல்பவர் இடத்தில் நம் கணினியின் சொந்த முகவரியே இருந்தால், கணினி ரவுட்டரைத் தேடிப் பார்த்தும் அதைக் காணவில்லை. ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்றால் பெரும்பாலும் கேள்வி கணினியை விட்டே வெளியேறவில்லை. அடாப்டர் துண்டிக்கப்பட்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு பாதுகாப்பு மென்பொருள் அதைத் தடுத்திருக்கும். ஒன்றிரண்டு பதில்கள் ஆங்காங்கே விடுபட்டால் கலங்க வேண்டாம். வேலை மிகுந்த நேரத்தில் ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடுவது உண்டு. தொடர்ச்சியாகப் பல வரிகள் விடுபடுவதுதான் கணக்கு.

பெயரை வைத்து மூன்றாவது திரை ஒன்றில் பிங் ஓடவிட்டால் டிஎன்எஸ்ஸையும் கண்காணித்துவிடலாமே என்று தோன்றும். அது ஏமாற்றும். பிங் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் பெயரை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அதன்பின் டிஎன்எஸ் செத்தே போனாலும் அந்தத் திரை நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். பக்கம் திறக்காத அந்த நேரத்தில் என்எஸ்லுக்அப் கட்டளையைக் கொடுத்து ஒரு பெயரைக் கேட்பதே சரியான வழி.

‘எப்போது’ என்பதற்கு வருகிறேன். விண்டோஸின் பிங் ஒவ்வொரு வரியிலும் நேரத்தை எழுதாது. காலையில் வந்து பார்த்தால் பதில் வராத வரிகள் இருக்கும், அவை எந்த மணிக்கு விழுந்தன என்று தெரியாது. விண்டோஸின் மற்றொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லில், பிங் தரும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கெட்-டேட் கட்டளை தரும் நேரத்தை ஒட்டி, அதை ஓர் உரைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும்படி ஒற்றை வரிக் கட்டளை எழுதிக்கொண்டால் போதும். லினக்ஸில் பிங்குக்குப் பெரிய ‘டி’ எழுத்தைச் சேர்த்தாலே நேரமும் பதிவாகும். கணினி உறக்கத்துக்குப் போகாதபடி விண்டோஸின் பவர் அமைப்பில் மாற்றிவிட்டு இதைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் உறங்கிய நேரமெல்லாம் அறுந்த நேரமாகத் தெரியும். கூடவே, கணினியின் அருகில் ஒரு தாள் வைத்து, அறுந்ததைக் கண்ட போதெல்லாம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எந்தச் சாதனங்கள் ஓடின என்று இரண்டு சொல் குறித்து வந்தேன். அந்தத் தாள் இல்லாமல் இந்தக் கதை முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சில நாள் பதிவு சேர்ந்ததும் ஒன்று விளங்கியது. நான் ஒரே கோளாறு என்று நினைத்திருந்தது ஒன்றல்ல, இரண்டு. ஒரு வகைத் துண்டிப்பு இரவில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது. மற்ற வகை பகலில், நேரம் காலம் இல்லாமல் வந்தது. இரண்டிலும் ரவுட்டரும் வெளி முகவரியும் சேர்ந்தே நின்றன. ஆனால் நின்ற விதம் வேறு.

இரவுத் துண்டிப்பின் வரிகளை அருகில் வைத்துப் பார்த்தேன். வழக்கமாக ரவுட்டர் இரண்டு மூன்று மில்லி விநாடியில் பதில் தரும். துண்டிப்புக்குச் சற்று முன்னால் அது 40, 180, 600 என்று வீங்கத் தொடங்கி, நடுநடுவே ‘டைம்டு அவுட்’ விழுந்து, கடைசியில் ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்று வரிசையாக நின்று, ஓரிரு நிமிடத்தில் மீண்டிருந்தது. மூச்சு திணறித் திணறி நின்ற இணைப்பு அது. ஒரே வெட்டில் அறுந்ததன்று. அலைவரிசையில் இரைச்சல் கூடும்போதுதான் இப்படி நடக்கும். உறுதி செய்துகொள்ள விண்டோஸே ஒரு நல்ல கருவியை வைத்திருக்கிறது. நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்தால், கடந்த மூன்று நாள்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது துண்டித்தது, என்ன காரணம் சொல்லித் துண்டித்தது என்பதையெல்லாம் வரைபடத்தோடு ஒரு பக்கமாக எழுதித் தந்துவிடும். இத்தனை பயனுள்ள அறிக்கையை ஏன் இப்படி ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரவுத் துண்டிப்புகள் அனைத்தும் அந்த அறிக்கையில் சிவப்புக் குறியோடு இருந்தன. பகல் துண்டிப்புகளில் ஒன்றுகூட இல்லை.

இரவில் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது? தாளில் விடை இருந்தது: வெளி ஹார்டு டிஸ்க்குக்குக் காப்புப் பிரதி எடுக்கும் வேலை. அந்த டிஸ்க் யூஎஸ்பி 3.0 வகை, அதன் கேபிள் செருகியிருந்த துளைக்குப் பக்கத்துத் துளையில்தான் வைஃபை அடாப்டர் இருந்தது. யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது அதன் கேபிளிலும் இணைப்பானிலும் எழும் மின்காந்த இரைச்சல், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இதைப் பற்றி இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. கம்பியில்லா மவுஸ் தடுமாறுவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம். ஹார்டு டிஸ்க் சும்மா இருக்கும்போது தொல்லை இல்லை. தரவு பாயும்போதுதான் தொல்லை. அதனால்தான் பகலில் எத்தனை முறை சோதித்தும் அகப்படவில்லை.

மருந்து மலிவானது: ஒரு மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரைக் கோத்து, கணினிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசையின் மேல் வைத்ததோடு சிக்னல் அளவே உயர்ந்துவிட்டது. உலோகப் பெட்டியின் பின்புறம் சுவரைப் பார்த்தபடி இருந்த அடாப்டருக்கு அதுவே பெரிய விடுதலை. அடாப்டர் இரண்டு அலைவரிசைகளையும் தாங்கக்கூடியது என்பதால் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாற்றினேன். 2.4இல்தான் இருந்தாக வேண்டும் என்றால், ரவுட்டரில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத 1, 6, 11 ஆகிய மூன்றில் அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்வது நல்லது. 3, 4 என்று நடுவில் உள்ள சேனலைத் தேர்ந்தால் இருபக்கத்து இரைச்சலும் வந்து சேரும்.

இரவுத் துண்டிப்பு அன்றோடு நின்றது. பகல் துண்டிப்பு நிற்கவில்லை. நீட்டிப்புக் கேபிளை நேரம் குறிக்காமல் வாங்கிப் போட்டிருந்தால், “இதுவும் பயனில்லை” என்று கழற்றி எறிந்திருப்பார்கள் பலர்; பாதிக் கோளாறு தீர்ந்ததே தெரியாமல் போயிருக்கும்.

பகல் துண்டிப்பு விசித்திரமானது. வைஃபை குறி நிறைந்தே இருக்கும். சிக்னல் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காட்டும். அறிக்கையில் துண்டிப்பே இல்லை. ஆனால் ரவுட்டர் பதில் தராது. பதில் நேரம் வீங்குவதும் இல்லை. இரண்டு மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த பதில் ஒரே வெட்டில் ‘டைம்டு அவுட்’ ஆகும், சில நிமிடம் கழித்து அதேபோல ஒரே வெட்டில் இரண்டு மில்லி விநாடிக்குத் திரும்பும். சில நேரம் இப்படிப் போவதும் வருவதுமாக மாறி மாறி நடக்கும். வானலையில் குறை இருந்தால் இத்தனை சுத்தமாக வெட்டுப்படாது. கேள்வி போகிறது, பதில் வேறெங்கோ போகிறது என்று சந்தேகம் எழுந்தது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, பிங் கோப்பில் இருந்த நேரங்களுக்கு அருகில் தேடினேன். டிசிபிஐபி என்ற மூலத்திலிருந்து 4199 என்ற எண்ணுள்ள பிழை ஒன்று அந்த நேரங்களில் பதிவாகியிருந்தது. என் கணினி வைத்திருக்கும் அதே ஐபி முகவரியை வேறொரு சாதனமும் வைத்திருக்கிறது, இதனால் இணைப்பு பாதிக்கப்படலாம் என்று அது சொன்னதோடு, அந்தச் சாதனத்தின் வன்பொருள் முகவரியையும், அதாவது மேக் முகவரியையும், எழுதியிருந்தது. மேக் முகவரியின் முதல் மூன்று இரட்டை எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிப்பவை. அவற்றை வைத்துத் தேடினால் எந்த நிறுவனத்துச் சாதனம் என்று தெரிந்துவிடும். எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. தாளில், பகல் துண்டிப்புகளுக்கு எதிரே, பெரும்பாலான இடங்களில் ‘பிரிண்டர்’ என்று எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். பிரிண்டரை முன்பு அமைத்துக் கொடுத்தவர் அதற்கு 192.168.1.20 என்ற முகவரியை நிலையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படி வைப்பதில் தவறில்லை. முகவரி மாறாமல் இருந்தால் கணினிகள் பிரிண்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்த முகவரி, ரவுட்டர் மற்றச் சாதனங்களுக்குத் தானாகப் பகிர்ந்து கொடுக்கும் வரம்புக்குள் இருந்தது. அது ஒருவருக்குச் சொந்தமானது என்று ரவுட்டருக்கு யாரும் சொல்லவில்லை. பிரிண்டர் அணைந்திருந்த ஒரு நேரத்தில் என் கணினி முகவரி கேட்டபோது, அந்த எண் காலியாக இருக்கிறது என்று நம்பி ரவுட்டர் அதையே கொடுத்துவிட்டது. டிஎச்சிபியில் முகவரி என்பது குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகக் கிடைப்பது. 1997இல் வெளியான அதன் வரையறைப்படி, குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி அதே முகவரியைப் புதுப்பிக்கக் கேட்கும். அப்போது மறுமொழி கிடைக்காவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் மறுபடி கேட்கும். மறுப்பு வராத வரையில் அதே முகவரி கணினியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே இந்த மோதல் ஒரு நாளில் தானாகத் தீரக்கூடியதன்று.

பிரிண்டரைப் போட்டதும், “192.168.1.20 நான்தான்” என்று அது வலையமைப்பில் அறிவிக்கும். எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரியிடம் இருக்கிறது என்று ரவுட்டர் வைத்திருக்கும் ஏஆர்பி அட்டவணையில் என் கணினியின் இடத்தில் பிரிண்டர் உட்கார்ந்துவிடும். என் கணினி அனுப்பும் கேள்விகள் ரவுட்டரை அடையும். அதற்கான பதில்களை ரவுட்டர் பிரிண்டருக்கு அனுப்பும். பிரிண்டர் அவற்றைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாது. சற்று நேரம் கழித்து என் கணினி ஏதோ ஒரு காரணத்துக்காகத் தன்னை அறிவிக்க நேரும்போது அட்டவணை மறுபடி என் பக்கம் திரும்பும். பிரிண்டர் உறங்கிவிட்டால் எல்லாம் அமைதி. சிக்னல் நிறைந்திருக்க, துண்டிப்பே பதிவாகாமல், இணைப்பு மட்டும் போய்ப் போய் வந்ததன் காரணம் இவ்வளவுதான்.

பிரிண்டரின் திரையிலிருந்து நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்தபோது மேக் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அதன்பின் பிரிண்டரைத் தானியங்கி முகவரிக்கு மாற்றி, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தேன். ஒதுக்கீட்டு வசதி இல்லாத ரவுட்டராக இருந்தால், பகிர்ந்து கொடுக்கும் வரம்பை, முகவரியின் கடைசி எண் 100 முதல் 200 வரை என்று சுருக்கி, நிலையான முகவரிகளை அதற்கு வெளியே வைக்கலாம். கேமரா, தொலைக்காட்சிப் பெட்டி என நிலையான முகவரி வைத்த எதுவும் இந்த வேலையைச் செய்யும் என்பதால், வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நாள் நிம்மதி கிடைத்ததன் மர்மமும் இங்கே அவிழ்ந்தது: குத்தகைக் கணக்கு கலைந்து, என் கணினிக்கு எப்போதாவது வேறு முகவரி கிடைத்திருக்கிறது.

இதற்குப் பிறகு உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் இதே குறையைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும் தேடும் முறை மாறவில்லை.

லேப்டாப்களில் மிக அடிக்கடி அகப்படுவது மின்சிக்கன அமைப்பு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பண்புகளைத் திறந்து, மின்சிக்கனத்துக்காக இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிப் பார்க்கலாம். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் அந்தத் தாவலே இருக்காது. யூஎஸ்பி அடாப்டர் என்றால் யூஎஸ்பி ரூட் ஹப் என்ற இனங்களிலும் அதே அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினி சும்மா இருந்த பின்பும், உறக்கத்திலிருந்து எழுந்த பின்பும் மட்டும் இணைப்பு போகிறது என்று நேரக் குறிப்பு சொன்னால்தான் இதில் கை வைப்பேன். வேலை மும்முரத்தில் அறுகிற இணைப்புக்கு இது மருந்தாகாது.

கேபிள் இணைப்பு என்றால் எல்லோரும் அதைச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக வைத்துவிடுகிறார்கள். ஓர் அலுவலகக் கணினி நாளுக்குப் பலமுறை விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அமைப்புகளில் இணைப்பு வேகம் 1000க்குப் பதிலாக 100 என்று காட்டியதுதான் துப்பு. கிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணை போதும். இரு முனைகளும் வேகத்தை ஒப்புக்கொள்ளும் பேச்சு அந்த இரண்டு இணைகளில்தான் நடக்கிறது. ஆகவே மற்ற இணைகளில் ஒன்று சேதமாகியிருந்தாலும் கிகாபிட் என்றே ஒப்புக்கொண்டு, முயன்று, தோற்று, மறுபடி முயன்று, கடைசியில் கீழே இறங்குகிறது. இதற்கிடையில் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. மேசைக் காலுக்கு அடியில் நசுங்கியிருந்த அந்தக் கேபிளை மாற்றியதும் வேகம் 1000க்கு ஏறியது, துண்டிப்பும் நின்றது. பூட்டும் நாக்கு உடைந்த ஆர்ஜே45 முனையைக் கண்டால் ஆராய்ச்சி எதுவும் செய்யாமல் மாற்றிவிடுவது என் வழக்கம்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் எல்லாச் சாதனங்களும் ஒன்றாகப் போய் ஒரு நிமிடம் கழித்து ஒன்றாக வந்தால், ரவுட்டரின் சேனலைப் பார்க்க வேண்டும். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் பல நாடுகளில் ராடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை; ராடார் இருப்பதாகத் தோன்றினால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும், இதே வகையைச் சேர்ந்த இன்னொன்றில் ஏறுவதற்கு முன் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். 36 முதல் 48 வரையுள்ள ஒன்றில் நிலையாக வைத்தால் தீரும்.

பணிப்பட்டையில் ‘நோ இன்டர்நெட்’ என்ற குறி தெரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பது என் அனுபவம். மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சோதனை முகவரியிலிருந்து சிறிய உரைக் கோப்பு ஒன்று வருகிறதா என்று பார்த்துத்தான் விண்டோஸ் அந்தக் குறியைப் போடுகிறது. விபிஎன்னோ தடுப்பு மென்பொருளோ அந்த ஒன்றை மறித்தால், இணையம் நன்றாக இருக்கும்போதும் குறி வந்துவிடும்.

பதிவுக் கோப்பு, ரவுட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 மட்டும் நிற்கிறது என்று காட்டினால், அப்போது சேவை நிறுவனத்தை அழைக்கலாம். அழைப்பதற்கு முன் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்தால் ஒளிச் சமிக்ஞையே வந்து சேரவில்லை. எந்தத் தேதியில், எந்த மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கோப்பிலிருந்து வாசித்துக் காட்டினால், “கணினியை அணைத்துப் போட்டீர்களா” என்ற கேள்வியைத் தாண்டிப் பேச்சு விரைவாக நகர்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு கணினி மட்டும் எந்த வலையமைப்பில் வைத்தாலும் அறுகிறது என்றால், குறை அடாப்டரிலா, டிரைவரிலா என்பதுதான் மிச்சம். இதைப் பிரித்தறிய, பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றைத் தயாரித்து, வட்டில் எதையும் நிறுவாமல் அதில் கணினியை எழுப்பி, சில மணி நேரம் அதே பிங்கை ஓடவிடுவேன். அங்கேயும் அதேபோல அறுந்தால் பெரும்பாலும் வன்பொருள்தான். லேப்டாப் என்றால் உள்ளே உள்ள வைஃபை அட்டையை மாற்றலாம், ஆன்டெனா கம்பி கழன்றிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். அங்கே சீராக ஓடினால், விண்டோஸுக்குத் திரும்பி, துண்டிப்பு தொடங்கிய நாளை ஒட்டி டிரைவர் புதுப்பிக்கப்பட்டதா என்று அப்டேட் வரலாற்றில் பார்த்து, டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்து முந்தையதற்குத் திரும்ப வேண்டும். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால், கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கு உரிய பழைய டிரைவரை இறக்கி நிறுவலாம்.